உதவி: ஓடன்வால்ட் இறக்கத்தில் பிரேக் லிவர் கைப்பிடி வரை வந்துவிடுகிறது. எந்தப் பாதையில் ஓட்டலாம் என்பதிலும் குழப்பம்

நெக்கர்கரை:
வணக்கம். ஹைடெல்பெர்க்கில் இருக்கிறேன். செகண்ட் ஹாண்டில் ஒரு ஹார்ட்டெயில் (பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாத) மவுண்டன் பைக் வாங்கியிருக்கிறேன். 29 அங்குலச் சக்கரம், ஷிமானோ ஹைட்ராலிக் பிரேக், முன்னும் பின்னும் 160 மி.மீ. டிஸ்க் (பிரேக் கவ்வும் தகடு). ஊருக்குள் ஓட்டும்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஓடன்வால்டில் உள்ள கோனிக்ஷ்டூல் மலையிலிருந்து இறங்கும்போதுதான் தலைவலி.

உச்சி 568 மீட்டர், கீழே ஆற்றங்கரை 110 சொச்சம். நடுவில் மூச்சு விடச் சமதளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாதி இறங்கியதும் பிரேக் பிடிப்பது குறைகிறது, கருகல் வாடை அடிக்கிறது, லிவர் கைப்பிடியில் வந்து இடிக்கிறது. கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் பழையபடி சரியாகிவிடுகிறது. கடையில் காட்டினேன். வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு "எல்லாம் ஓகே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் எடை 85 கிலோ.

இன்னொன்று. ஓர் ஒற்றையடிப் பாதையில் இறங்கும்போது நடந்து வந்த பெரியவர் ஒருவர் "இங்கே சைக்கிள் கூடாது" என்று திட்டினார். தடைப் பலகை எதுவும் இல்லை. அலுவலக நண்பரோ ஜெர்மனியில் காடு எல்லோருக்கும் பொது என்கிறார். எது சரி?

கிரீஸ்கை:
ஒரு விஷயம் சொன்னால்தான் மேலே பேச முடியும். பிடிப்பு குறையும்போது லிவர் கெட்டியாக நிற்கிறதா, மெத்தென்று உள்ளே போகிறதா? இரண்டும் வேறு வேறு கோளாறு. லிவர் கெட்டி, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் டிஸ்க்கைக் கவ்வும் பேட் சூடாகி வழுக்குகிறது. லிவர் உள்ளே போனால் எண்ணெய்ப் பாதையில் ஆவியோ காற்றோ இருக்கிறது. முன் பின் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். வீட்டில் வண்டியை எப்படி நிறுத்துகிறீர்கள் என்பதையும்.

நெக்கர்கரை:
நல்ல கேள்வி ப்ரோ. முன் பிரேக் கெட்டியாகத்தான் இருக்கிறது, பிடிப்பு மட்டும் இல்லை. உள்ளே போவது பின் பிரேக். வீட்டில் இடமில்லாததால் முன் சக்கரத்தைச் சுவர்க் கொக்கியில் மாட்டி நிமிர்த்தித் தொங்கவிடுகிறேன். இப்போது யோசித்தால், காலையில் எடுக்கும்போது பின் லிவர் முதல் ஓரிரு தடவை மெத்தென்று இருக்கும், அப்புறம் சரியாகிவிடும்.

கிரீஸ்கை:
அப்படியானால் பின் பிரேக்கில் ஏர் இருக்கிறது. நிமிர்த்தி மாட்டும்போது லிவருக்குள் இருக்கும் எண்ணெய்த் தொட்டியின் திசை மாறி, அதில் தேங்கிய காற்று குழாய்க்குள் நழுவும். எண்ணெய் முழுக்க நிரம்பிய பிரேக்கை எப்படி மாட்டினாலும் இது வராது.

இனி சூட்டைப் பற்றி. நீங்களும் வண்டியும் பையும் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 450 மீட்டர் இறங்கினால் சுமார் 440 கிலோஜூல் சக்தி எங்காவது போயாக வேண்டும். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய 335 போதும். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மிச்சம் முழுக்க அந்த இரண்டு மெல்லிய தகடுகளின் தலையில்தான். தகட்டிலிருந்து பேடுக்கு, பேடிலிருந்து பிஸ்டனுக்கு, பிஸ்டனிலிருந்து எண்ணெய்க்கு.

ஷிமானோவில் இருப்பது மினரல் ஆயில். அது தண்ணீரை உறிஞ்சாது. நல்லதுதான், ஆனால் உள்ளே புகுந்த ஈரம் கரையாமல் கனத்துக்குக் கீழே இறங்கி, பேடையும் பிஸ்டனையும் தாங்கும் கேலிப்பரில் உட்கார்ந்துவிடும். கேலிப்பர்தான் அதிகம் கொதிக்கிற இடம். 100 டிகிரியில் அந்த ஈரம் ஆவியாகும், ஆவி அமுங்கும், லிவர் கைப்பிடிக்கு வந்துவிடும். ஆறினால் பழையபடி. கடைக்காரர் வாசலில் ஓட்டினால் இது எப்படித் தெரியும்? மலையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பின் பிரேக்கை ப்ளீட் செய்யுங்கள், அதாவது புது எண்ணெய் ஏற்றிப் பழையதையும் காற்றையும் வெளியேற்றுங்கள். எண்ணெயைக் கேலிப்பர் பக்கம் சிரிஞ்சால் ஏற்றி, லிவர் பக்கம் புனல் வைத்து வாங்குங்கள். பேடுகளை முதலிலேயே கழற்றி, பிஸ்டன்களுக்கு நடுவில் அவை வெளியே வராமல் தடுக்கும் ப்ளீட் பிளாக் என்ற கட்டையை வைக்க மறக்காதீர்கள். பேடில் எண்ணெய் பட்டால் அது போச்சு. குழாயையும் கேலிப்பரையும் ஸ்பேனர் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் ஒட்டியிருக்கும் குமிழிகள் கிளம்பி வரும்.

வெள்ளிமலை:
இவ்வளவு கணக்கெல்லாம் எதற்கு? மெட்டல் பேட் வாங்கிப் போடுங்கள், முடிந்தது வேலை.

கிரீஸ்கை:
அவசரப்பட்டு வாங்க வேண்டாம். முதலில் டிஸ்க்கை உற்றுப் பாருங்கள். விலை குறைந்த ஷிமானோ டிஸ்க் பலவற்றில் "ரெசின் பேட் ஒன்லி" (பிசின் கலவை பேட் மட்டும்) என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். அந்தத் தகடு மிருதுவானது, மெட்டல் பேட் போட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடும். புது டிஸ்க்கின் தடிமன் 1.8 மி.மீ., 1.5க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். தவிர, மெட்டல் பேட் சூட்டைத் தாங்கும் என்பது சரி, ஆனால் அதே சூட்டை எண்ணெய்க்கும் வேகமாகக் கடத்தும். இவருடைய பின் பிரேக்கை ஏர் எடுக்காமல் மெட்டல் பேட் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

முன் பிரேக் கதை வேறு. பேடைக் கழற்றி முகத்தைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மினுங்கினால் வெந்துபோயிருக்கிறது. லேசாக இருந்தால் உப்புத்தாளைச் சமதரையில் வைத்துத் தேய்க்கலாம், ஓரம் உதிர்ந்தால் தூக்கிப் போடுங்கள்.

மரநிழல்:
நானும் அந்த மலையில் ஓட்டுகிறவள். ஓட்டும் முறையையும் யாராவது சொல்ல வேண்டும். உச்சியிலிருந்து அடிவாரம் வரை இரண்டு லிவரையும் லேசாக அழுத்திக்கொண்டே வந்தால் எந்த பிரேக்கும் வேகும். நேர்பகுதியில் விட்டுவிடுங்கள். வளைவுக்கு முன்னால் ஒரே விரலால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, மறுபடி விடுங்கள். விட்ட அந்தச் சில நொடியில்தான் டிஸ்க் ஆறுகிறது. முன் பிரேக்குக்குப் பயந்து பின்னாலேயே பிடிப்பவர்களுக்குத்தான் பின் பிரேக் முதலில் கை விரிக்கும். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, குதிகாலைத் தாழ்த்தி நின்றால் முன் பிரேக்கைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இலையுதிர் காலத்தில் மட்டும் இதை அப்படியே செய்ய வேண்டாம். பீச் மரத்துச் சருகு கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கும், அடியில் ஈர வேர். அங்கே முன் சக்கரத்தைப் பூட்டினால் எழுந்து உட்காரும்போதுதான் என்ன நடந்தது என்று தெரியும்.

கோனிக்ஷ்டூல் பக்கம் செம்மணற்கல். மழைக்குப் பிறகு அந்தச் சிவப்பு மணல் சேறு ரெசின் பேடை அரைத்துத் தின்றுவிடும். பேடில் உராயும் பகுதி 0.5 மி.மீ. வந்தால் காலம் முடிந்தது.

ஊர்க்குருவி:
தம்பி, நான் யாழ்ப்பாணம். இஞ்ச வந்து கனகாலம். பாதை விசயத்தைச் சொல்லுறன், பிரேக் எனக்குத் தெரியாது.

அந்த மனிசன் சொன்னது சட்டப்படி சரிதான். ஹைடெல்பெர்க் பாடன்-வூர்டெம்பெர்க் மாநிலம். அதின்ர வனச் சட்டம் 37ஆம் பிரிவில், 2 மீட்டருக்குக் குறைஞ்ச அகலமுள்ள பாதையில சைக்கிள் ஓடக் கூடாது என்று இருக்கு. பலகை வைக்கத் தேவையில்லை. வன அதிகாரிகள் விலக்குக் குடுத்த பாதையள் மட்டும் ஓடலாம். கோனிக்ஷ்டூலில அப்பிடி அனுமதியோட ஒரு டவுன்ஹில் பாதை இருக்கு, ஒரு கழகம் பராமரிக்குது. தொடக்கத்தில இருக்கிற பலகையை வடிவா வாசிச்சுப்போட்டு இறங்குங்கோ. பாய்ச்சல் மேடுகள் இருக்கு, உங்கட இப்போதைய பிரேக்கோட வேண்டாம்.

உங்கட நண்பர் சொன்னதும் முழுப் பொய் இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பக்கத்து ஹெஸ்ஸனில 2013 வனச் சட்டத்தில அகலக் கணக்கே இல்லை. போடப்பட்ட பாதையோ இயற்கையாய்க் கெட்டியான பாதையோ என்றால், நடக்கிறவையோட ஒருத்தரையொருத்தர் மதிச்சு ஓடலாம். ஓடன்வால்ட் மலை இரண்டு மாநிலத்திலயும் கிடக்கு, பவேரியாவிலயும் ஒரு துண்டு. வைன்ஹைமில ஏறினா பாடன் சட்டம், கொஞ்சம் தள்ளிப் பிர்க்கனவ் வந்தா ஹெஸ்ஸன் சட்டம். மரத்துக்கு ஒன்றும் தெரியாது.

வெள்ளிமலை:
அப்படியென்றால் ரயில் ஏறி நொய்ஷ்டாட் பக்கம் போய்விடுங்கள். ப்ஃபெல்ஸர்வால்ட் காட்டில் எங்கு வேண்டுமானாலும் ஓட்டலாம், அது இருக்கும் ரைன்லாந்து-ப்ஃபால்ஸ் மாநிலத்தில் 2 மீட்டர் விதி இல்லை.

ஊர்க்குருவி:
2 மீட்டர் விதி இல்லைத்தான், ஆனா எங்கேயும் ஓடலாம் என்றில்லை. அங்கத்தைய சட்டம் வனப் பாதையில சைக்கிளை விடுது. அதே சட்டம் நடைபாதையையும் ஒற்றையடிப் பாதையையும் வனப் பாதை இல்லை என்று சொல்லுது. ஆக்கள் ஓடுகினம், பெரும்பாலும் ஒருத்தரும் ஒன்றும் சொல்லுறதில்லை, அது வேற கதை. பயமில்லாமல் ஒடுங்கின பாதையில ஓட ஆசையெண்டால் அங்க மவுண்டன் பைக்குக்கெண்டே குறியிட்ட சுற்றுகள் இருக்கு. ஹொக்ஷ்பையர், ரோடால்பன் பக்கம் தொடங்குங்கோ. ஏற்ற இறக்கம் துண்டு துண்டாய் வரும், மேல இருந்து கீழ வரை ஒரே இறக்கம் இல்லை. உங்கட பிரேக்குக்கும் அதுதான் நல்லது. காட்டுக்குள்ள இருக்கிற மலைநடைச் சங்கத்தின்ர குடிலுகளில சாப்பாடும் கிடைக்கும்.

மரநிழல்:
ஒரு சின்னச் சேர்க்கை. காட்டில் ஆங்காங்கே மீட்பு இடத்தைக் குறிக்கும் பலகைகள் இருக்கும், அதில் ஓர் எண். விழுந்து அவசர எண் 112ஐ அழைத்தால் அந்த எண்ணைச் சொல்லுங்கள், தேடும் நேரம் மிச்சம். உண்ணிக் கடியையும் மறக்க வேண்டாம். மூளைக்காய்ச்சல் பரப்பும் உண்ணிகள் தென்ஜெர்மனியில் அதிகம், தடுப்பூசி இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பைப் பாருங்கள்.

நெக்கர்கரை:
எல்லோருக்கும் நன்றி. டிஸ்க்கைப் பார்த்தேன், இரண்டிலும் அதே "ரெசின் பேட் ஒன்லி". முன் பேட் மினுங்குகிறது, ஓரத்தில் உதிரவும் செய்கிறது. பின் பிரேக்கை நண்பரோடு சேர்ந்து ப்ளீட் செய்தோம். கேலிப்பரில் கறுத்த எண்ணெயும், புனலில் விடாமல் குமிழிகளும். இப்போது லிவர் பாதியிலேயே கெட்டியாக நிற்கிறது.

இரண்டு சந்தேகம். முன்னால் 180 டிஸ்க் போட நினைக்கிறேன், வேறு என்ன மாற்ற வேண்டும்? நண்பரிடம் டாட் 5.1 என்ற வேறு வகை பிரேக் திரவம் நிறைய இருக்கிறது, மினரல் ஆயிலுக்குப் பதிலாக அதை ஊற்றலாமா?

கிரீஸ்கை:
இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: ஊற்றவே கூடாது. டாட் திரவம் பட்டால் ஷிமானோவின் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுப்போகும், லிவர், கேலிப்பர் இரண்டையுமே மாற்றும்படி ஆகும். அந்தத் திரவத்துக்கு வைத்த சிரிஞ்சைக்கூட இதற்கு எடுக்க வேண்டாம்.

180க்கு மாற, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் அதிகபட்ச டிஸ்க் அளவு எவ்வளவு அனுமதி என்று முதலில் பாருங்கள். கேலிப்பரைச் சற்று உயர்த்த ஓர் அடாப்டர், புது டிஸ்க், இரண்டும் போதும். லிவரும் குழாயும் பழையதே. டிஸ்க் வாங்கும்போது சக்கர ஹப் (நடுக்குடம்) டிஸ்க்கை ஆறு போல்ட்டால் மாட்டும் 6 போல்ட் வகையா, நடுவில் ஒரே வளையத்தால் பூட்டும் சென்டர்லாக் வகையா என்று பார்த்து வாங்குங்கள். ரெசின் ஒன்லி என்று எழுதாத டிஸ்க்காக எடுத்தால் பிறகு மெட்டல் பேடும் போடலாம்.

புது பேட் போட்டதும் நேராக மலைக்குப் போகாதீர்கள். சமமான தெருவில் நல்ல வேகத்தில் போய், சக்கரம் பூட்டாமல் நடை வேகத்துக்குக் குறைத்து, விட்டு, மறுபடி. இருபது தடவையாவது செய்யுங்கள். நடுவில் பிடிப்பு ஏறுவது கையிலேயே தெரியும்.