பழைய மாணவர் இன்டர்வியூ: மகளோடு நானும் போகலாமா?

எடிசன்_அம்மா:
வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறோம், மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஜனவரி 1 கெடுவுக்குள் விண்ணப்பித்த கல்லூரி ஒன்றின் பழைய மாணவர், சனிக்கிழமை நூலகத்தில் சந்திக்கலாமா என்று மெயில் போட்டிருக்கிறார். அது நாலு நாளாக ஸ்பாமில் கிடந்திருக்கிறது! இடம் தருவதா வேண்டாமா என்று இவர்தான் முடிவு செய்வாரா? சான்றிதழ் ஃபைலை எடுத்துப் போகவேண்டுமா? புது ஆளிடம் அவள் வாயே திறக்க மாட்டாள், நான் பக்கத்தில் உட்காரலாமா?

ரூட்27:
முதலில் இன்றே பதில் போடச் சொல்லுங்கள். ஸ்பாமில் கிடந்தது என்று ஒரு வரி போதும். அவளே எழுதட்டும். அம்மா எழுதிய மெயில் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

நானும் பதினோரு வருடமாக என் கல்லூரிக்காக இந்த இன்டர்வியூவைச் செய்கிறேன், சம்பளம் கிடையாது. எனக்கு வருவது பெயர், பள்ளி, மெயில் முகவரி, சில சமயம் எந்தப் பாடத்தில் ஆர்வம் என்பது. மார்க், எஸ்ஏடி (நுழைவுத் தேர்வு) மதிப்பெண், கட்டுரை எதுவும் கண்ணில் படாது. முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் எழுதி அனுப்புவேன். முடிவு அட்மிஷன் ஆபீசுடையது.

ஃபைல் வேண்டவே வேண்டாம். ஒரு பையன் பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ்களை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக ஒப்பித்தான். இருபது நிமிடம் ஆகியும் என் நோட்டில் ஒரு வரி இல்லை. சரி, போன ஞாயிறு என்ன செய்தாய் என்றேன். தயங்கித் தயங்கி, மாமாவின் கேஸ் ஸ்டேஷனில் வேலை என்றான். (நம் மாநிலத்தில்தான் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ளக் கூடாதே.) டேங்க் நிரம்பப்போவதைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பானாம். உள்ளே காற்றுக்கு இடம் குறையக் குறையச் சுருதி ஏறும் என்று, காலி காபிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றியே காட்டினான். பிசிக்ஸ் படிக்க விண்ணப்பித்த பையன்! "அந்த வேலையைப் பற்றிப் பேசாதேன்னு அப்பா சொன்னார், அங்கிள்" என்றான். என் அறிக்கையில் பாதி அந்தச் சத்தம்தான்.

அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாஸ்டன்_குளிர்:
அதற்காக இன்டர்வியூவில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மாணவர் சேர்க்கையில் இனப் பாகுபாடு என்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மீது போட்ட வழக்கு 2018இல் விசாரணைக்கு வந்தபோது, பழைய மாணவர்கள் அங்கே மதிப்பெண்ணே போடுகிறார்கள் என்று வெளிவந்தது. ஆளுமைக்குக்கூடத் தனி மதிப்பெண் உண்டு, 1 வாங்கினால் உச்சம்.

டல்லஸ்வாசி:
என் மகனுக்கு அழைப்பே வரவில்லையே?

ரூட்27:
உங்கள் பக்கம் ஆள் போதாமல் இருந்திருக்கும். இன்டர்வியூ அமையாததைப் பாதகமாக எடுப்பதில்லை என்று எம்ஐடி வெளிப்படையாகவே சொல்கிறது. பிரௌன் பல்கலைக்கழகம் இந்த வழக்கத்தையே விட்டுவிட்டுச் சின்ன வீடியோ வாங்கிக்கொள்கிறது.

எடிசன் அம்மா, நீங்கள் நூலகத்துக்குள்ளேயே வராதீர்கள்.

எடிசன்_அம்மா:
மெயிலை அவளே எழுதினாள். ஒரு கமா மட்டும் நான் போட்டேன், மன்னிக்கவும். சனிக்கிழமை எதிரே டங்கின் காபிக் கடையில் உட்கார்ந்திருப்பேன்.