எபிஜெனடிக்ஸ்: புறமரபியலா, மேற்குறி மரபியலா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

டிஎன்ஏவின் எழுத்து வரிசை மாறாமலே மரபணுக்களின் செயல்பாடு மாறுவதை ஆராயும் துறையான 'எபிஜெனடிக்ஸ்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் பலரும் 'புறமரபியல்' என்பதை ஆதரித்திருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'புறம்' என்றதும் மனம் உணவு, புகை, மன அழுத்தம் என்று வெளியே ஓடிவிடுகிறது. ஆனால் மெத்தில் தொகுதி என்ற சிறு வேதிக்குறி வந்து ஒட்டுவது டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மீதேதான். எழுத்து வரிசை அப்படியே இருக்க, மரபணு மட்டும் அடங்கிப்போகிறது. 1942இல் உயிரியலாளர் வாடிங்டன் ஆங்கிலச் சொல்லை உருவாக்கியபோது டிஎன்ஏதான் மரபுப்பொருள் என்பதே உறுதியாகியிருக்கவில்லை. ஆகவே அச்சொல்லின் வேரைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

என் பரிந்துரை: ஒட்டும் குறிக்கு 'மேற்குறி', துறைக்கு 'மேற்குறி மரபியல்'. 'மேற்குறித்த' என்பதோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பெயர்ச்சொல்லாக வரும்போது அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

ஒரு மரபணு தாயிடமிருந்து வந்ததா, தந்தையிடமிருந்து வந்ததா என்பதைப் பொறுத்துச் செயல்படுவதோ அடங்குவதோதான் 'இம்ப்ரின்டிங்'. அதற்கு வெறும் 'பதிவு' போதாது. 15ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியைப் பாருங்கள். அங்கே தந்தைவழிப் பிரதி செயல்படாவிட்டால் பிராடர்-வில்லி என்ற மரபுக் கோளாறு, தாய்வழிப் பிரதியில் யூபிஇ3ஏ மரபணு செயல்படாவிட்டால் ஏஞ்சல்மன் என்ற வேறொரு கோளாறு. இரண்டு பிரதியும் தாயிடமிருந்தே வந்துவிட்டாலும் பிராடர்-வில்லி வரும். எண்ணிக்கை சரியாக இருப்பதால் குரோமோசோம்களை எண்ணும் சோதனைக்கு இது தெரியாது. யாரிடமிருந்து வந்தது என்பதே இங்கே முழு விஷயமும். அதனால் 'பெற்றோர்வழி முத்திரை' என்கிறேன். சற்று நீளம்தான், பரவாயில்லை.

அப்புறம், நான் மிகவும் கவலைப்படுவது 'கருக்கால மரபணுச் சோதனை' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைப்பது பற்றி. தாயின் ரத்தத்தை எடுத்துப் பார்க்கும் சோதனையில் கிடைக்கும் 'கருவின்' டிஎன்ஏ பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. கருவில் இல்லாத கோளாறு நஞ்சுக்கொடியில் மட்டும் இருக்கலாம். அதனால்தான் அதன் முடிவை நம்பி எதையும் தீர்மானிக்காமல், பனிக்குட நீரை எடுத்து உறுதி செய்கிறார்கள். இது பொதுவாக 15 வாரத்துக்குப் பிறகே. இடையில் அந்தத் தாய் காத்திருக்கும் வாரங்களை யோசித்துப் பாருங்கள். மேற்குறிகளைப் பார்க்கும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது: நஞ்சுக்கொடியின் மெத்தில் அமைப்பு கருவினுடையதைப் போல இருப்பதில்லை. ஆகவே நஞ்சுக்கொடியிலிருந்து எடுக்கும் கோரியான் திசுவை வைத்து ஏஞ்சல்மன் பற்றிச் சொல்லும்போது தவறு நேரலாம்.

தாயின் ரத்தத்தைப் பார்க்கும் முதல் வகைக்கு 'வாய்ப்பறி சோதனை', பனிக்குட நீரைப் பார்க்கும் இரண்டாவதற்கு 'உறுதிச் சோதனை' என்று பிரித்து வைப்போம். 'வாய்ப்பு' நல்லதைக் குறிப்பதாகவே பலருக்குத் தோன்றும் என்பது என் தயக்கம். 'இடர்' என்று போட்டால் கருவுற்றவரை முதல் வரியிலேயே பயமுறுத்திவிடும். மகப்பேறு மருத்துவமனைகளில் பணிபுரியும் நண்பர்கள், நோயாளிகளிடம் இதை எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.