பழுப்பு நிலமா, தொழிற்கரம்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

முன்பு ஆலைக்கோ வேறு கட்டடத்துக்கோ பயன்பட்ட நிலத்தைக் குறிக்கும் 'பிரவுன்ஃபீல்டு' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'பழுப்பு நிலம்' என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பரந்தூரில் வயல்களையும் நீர்நிலைகளையும் எடுத்து அமைக்கத் திட்டமிட்ட 'கிரீன்ஃபீல்டு' (முன்பு கட்டடம் எழாத நிலத்தில் புதிதாக அமைவது) விமான நிலையம் 'பசுமை விமான நிலையம்' என்று எழுதப்பட்டபோது, அது சுற்றுச்சூழலுக்கு உகந்தது போலும் என்ற மயக்கத்துக்கே அச்சொல் இடம் கொடுத்தது. அதே தவறை இங்கும் செய்ய வேண்டாம்.

'பிரவுன்ஃபீல்டு' என்பதன் பொருளிலேயே ஒரு பிளவு உண்டு. இங்கிலாந்தில் இது முன்பே கட்டடம் எழுந்து பயன்பட்ட நிலம். மண் கெட்டிருக்க வேண்டிய கட்டாயமில்லை. அமெரிக்காவின் 2002ஆம் ஆண்டுச் சட்டமோ நச்சுப்பொருள் இருப்பதையோ இருக்கக்கூடும் என்பதையோ வைத்தே இதை வரையறுக்கிறது.

மும்பையில் இருப்பவர்களுக்கு இது வெறும் அகராதி வேலையன்று. 1982ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பின் பரேல், லோயர் பரேல் பகுதிகளில் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஆலை நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சியின் திறந்தவெளிக்கும், ஒரு பங்கு மாநில அரசின் வீட்டுவசதி வாரியமான 'மாடா' கட்டும் எளியோர் வீடுகளுக்கும், எஞ்சியது உரிமையாளருக்கும் என்று 1991ஆம் ஆண்டு விதி வகுத்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம், கட்டடம் இல்லாத காலியிடத்துக்கு மட்டுமே இப்பங்கீடு பொருந்தும் என்று சுருக்கியது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆலைக் கொட்டகைகள் நெருங்கி நின்ற வளாகங்களில் காலியிடம் எவ்வளவு இருந்திருக்கும்? 'காலி' என்ற ஒரு சொல்லின் வரையறையில் வீடுகளுக்கான பங்கு கரைந்துபோனது. ஆகவே 'வெற்றுநிலம்', 'தரிசு', 'புறம்போக்கு' ஆகிய மூன்றையும் நான் தள்ளுகிறேன்.

கரம்பு என்றால் சாகுபடி நடக்காத நிலம். நம் பழைய நிலவரிக் கணக்கில் அனாதிகரம்பு, செய்காற்கரம்பு என்று இரண்டு உண்டு. முன்னது என்றுமே உழப்படாதது. பின்னது ஒருகாலத்தில் சாகுபடியில் இருந்து இப்போது சும்மா கிடப்பது. ஆங்கிலம் நிறத்தால் சொல்லும் வேறுபாட்டைக் கணக்குப்பிள்ளைகள் காலத்தால் சொல்லியிருக்கிறார்கள் (அவர்கள் கையெழுத்தைப் படிப்பதுதான் கடினம்). அதை ஒட்டித் 'தொழிற்கரம்பு' என்று முன்மொழிகிறேன். முதலில் 'ஆலைக்கரம்பு' என்றுதான் நினைத்தேன். ஆனால் துறைமுகக் கிடங்கும் ரயில்வே பணிமனையும் தாராவியின் பழைய தோல் பதனிடும் கூடங்களும் அதற்குள் அடங்கா. கரம்பு என்றால் நகரத்து இளைஞருக்குப் புரியுமா என்பது நியாயமான தடை. எனினும் கரம்புக்கு உரிமையாளரும் முன்கதையும் உண்டு என்ற குறிப்பு 'காலியிடம்' என்பதில் இல்லை.

ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுமேடு போன்றவற்றை 'நச்சேறிய தொழிற்கரம்பு' என்று அடைகொடுத்துப் பிரிக்கலாம். இயங்கும் விமான நிலையத்தைப் பெரிதாக்குவதையும் ஆங்கிலத்தில் 'பிரவுன்ஃபீல்டு' என்பதுண்டு; அதற்குத் 'தொழிற்கரம்பு' வேண்டாம், 'விரிவாக்கம்' போதும்.

இன்னொன்று: 'ஹவுசிங் நீடு' என்பதை 'வீட்டுத் தேவை' என்று எழுதினால், பொருளியல் பாடநூல்களில் விலைகொடுத்து வாங்கும் திறனோடு சேர்ந்த 'தேவை'யோடு அது குழம்புகிறது. லோயர் பரேல் அடுக்குமாடிக்கு இருப்பது அந்தத் தேவை; ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கும் குடும்பத்துக்கு இருப்பது வேறு. 'குடியிருப்புக் குறை' பொருந்துமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.