கடைக்குச் சொந்தப் பாத்திரம் கொண்டுபோகிறவர்களே, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தூக்குவாளி:
பிளாஸ்டிக் கவரை விடுவது என்றாலே எல்லோரும் மஞ்சப்பை பற்றித்தான் பேசுகிறார்கள், எனக்குப் பிரச்சினை சாம்பார்தான். மயிலாப்பூரில் எங்கள் தெருமுனை டிபன் கடைக்கு, இட்லிக்கு எவர்சில்வர் டப்பாவும் சாம்பாருக்கு ஒரு சின்னத் தூக்கும் கொண்டுபோவேன். போன ஞாயிறு பார்சல் கட்டியவர் புதுத் தம்பி. தூக்கை வாங்கி ஓரமாக வைத்தார், கொதிக்கிற சாம்பாரைக் கவரில் ஊற்றினார், வாயைச் சுருட்டி நூலால் கட்டினார், கட்டிய கவரை அப்படியே என் தூக்குக்குள் இறக்கி மூடியையும் அழுத்திக் கையில் கொடுத்துவிட்டார்! "கவர் வேண்டாம்னுதானே தம்பி பாத்திரமே கொண்டு வந்தேன்" என்றால், "கவர்ல ஊத்துனாத்தான்க்கா அளவு தெரியும், இல்லன்னா ஓனர் திட்டுவாரு" என்கிறார். பின்னால் வரிசை நிற்கிறது, என்ன பேச? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. பிளாஸ்டிக் தாள், தட்டு, கப், உறிஞ்சுகுழல், கைப்பை என்று மொத்தம் 14 பொருள். அந்தச் சாம்பார் கவர் மட்டும் எந்தச் சந்து வழியாக வருகிறதோ.

பழைய பார்சல் மாஸ்டர்:
தம்பியைக் குறை சொல்லாதீர்கள். ஒரு செட் இட்லிக்கு ஒரு சாம்பார் கவர், ரெண்டு சட்னி கவர், கூட்டம் வருவதற்கு முன்பே கட்டி அடுக்கிவிடுவோம். அதுதான் கணக்கு. பாத்திரம் கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் "இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா" பார்ட்டி. ஒரு சார் ரெண்டு தோசை வாங்கிவிட்டு, சாம்பாருக்குக் குக்கரை நீட்டினார். குக்கரை! அடியில் கிடந்த சாம்பாரைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார் பாருங்கள், இன்றைக்கும் மறக்கவில்லை. அப்புறம், கவரைப் பற்றிக் கேட்கிறவர்கள் யாரும் இட்லிக்கு அடியில் வைக்கும் தாளைக் கேட்பதில்லை. பச்சையாக வாழை இலை மாதிரி அச்சடித்து, உள்பக்கம் வழவழவென்று இருக்குமே, அந்த வழவழப்பும் பிளாஸ்டிக்தான்.

சைதாப்பேட்டை ரவுண்டானா:
மாஸ்டர் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அளவுதான் பிரச்சினை என்றால் ஒரே அளவு கரண்டி வாங்கிப் போட வேண்டியதுதானே, அதற்குப் போய் கவரா? சரி, என் கதை. எங்கள் பக்கம் ஒரு அம்மா வெயில் காலத்தில் வண்டியில் கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ் ஊற்றுவார். எவர்சில்வர் சொம்புதான், தொட்டுக்க மோர் மிளகாய், மாங்காய், சின்ன வெங்காயம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருத்தர் வந்து, "யூஸ் அண்ட் த்ரோ கப் இல்லையா? இதுல எத்தனை பேர் குடிச்சாங்களோ" என்றார். அந்த அம்மா கையைக்கூட நிறுத்தவில்லை. "ஏன் சார், வீட்ல தட்டத் தினம் தூக்கிப் போட்டுட்டு வேறதா வாங்கறீங்க?" என்றார். நாங்கள் சிரித்தோம், அவர் போய்விட்டார். ஆனால் அடுத்த வாரம் வண்டியில் பிளாஸ்டிக் கப் அடுக்கி வைத்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொம்பை எடுத்து அலசினார்.

சாமைச்சோறு:
கூழ் என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் மளிகைக் கடையில் தீட்டாத சாமை கேட்டேன். "அது போகாது மேடம், எல்லாரும் வெள்ளையாத்தான் கேக்கறாங்க" என்றார். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததும் பாக்கெட் பெருகியது, தவிடு போய்விட்டது. வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அரிசி போல வெள்ளை வெளேரென்று இருந்தால் நன்றாகத் தீட்டியது, பழுப்பாக, சொரசொரப்பாக இருந்தால் தவிடு இருக்கிறது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதனால் மாதத்துக்கு வேண்டியது மட்டும் வாங்குங்கள். வண்டு வந்தால் தூக்கிப் போடாதீர்கள், முறத்தில் புடைத்து நிழலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலை போட்டு மூடுங்கள். சமைக்கும் முன் ஊற வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு பேசும். பாரம்பரிய அரிசியில் கருப்பு கவுனி என்றால் ராத்திரியே ஊறப் போடணும். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா வாங்குகிறவர்கள் முதல் நாளே சோறு வடிக்காதீர்கள், கஞ்சியில் ஆரம்பியுங்கள். குக்கரில் விசில் கணக்கு…

சிந்தாதிரிப்பேட்டை மீன்:
மேடம், தலைப்பு பாத்திரம். மீன் மார்க்கெட்டில் மாஸ்டர் சொன்ன அளவுச் சண்டையே கிடையாது, சின்ன மீனெல்லாம் கூறு கட்டித்தான் வைத்திருப்பார்கள். ஒரு கூறு சங்கரா வாங்கி, ஆய்ந்து தரச் சொல்லி என் டப்பாவை நீட்டினேன். மூடி மூடவில்லை. மேலே நின்ற ரெண்டு மீனை எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டு, "அடுத்த தபா பெர்ய டப்பாவா எத்துனு வா கண்ணு" என்றார் அந்தம்மா. முழுக் கூறுக்கும் காசு கொடுத்தவன் நான். கவரில் வாங்கியிருந்தால் அந்த ரெண்டும் வீட்டுக்கு வந்திருக்கும், இல்லையா?

தூக்குவாளி:
@சைதாப்பேட்டை, கரண்டி யோசனையை ஓனரிடமே சொன்னேன். "அப்ப கரண்டி நீங்களே வாங்கிக் குடுங்க" என்கிறார், சிரிக்காமல். @மீன், ஆமாம், வந்திருக்கும். யாராவது சொல்லுங்கள், ஸ்கூட்டரில் வைத்தாலும் சாம்பார் சிந்தாத தூக்கு எங்கே கிடைக்கும்? என்னுடையதில் மூடி ஆடுகிறது.

பழைய பார்சல் மாஸ்டர்:
பாரிமுனைப் பக்கம் பாத்திரக் கடைகளில் பாருங்கள். கடையிலேயே தண்ணீர் ஊற்றி, மூடி, கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள். சின்னதாக.