கலைச்சொல் வேண்டும்: எம்.ஆர்.டி. (பக்கத்தில் "இல்லை" என்று போட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசித்து)

உவர்மலை, திருகோணமலையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினாறு பக்கம். பதினைந்து முடிந்துவிட்டது, ஒரு சொல்லில் மூன்று கிழமையாகச் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

மற்றச் சொற்கள் இவ்வளவு படுத்தவில்லை. வின்கிறிஸ்டீன் மருந்து எந்தப் பூவிலிருந்து வந்தது என்று எழுதவேண்டி வந்தது. நாங்கள் பட்டிப்பூ என்போம், தமிழகத்தில் நித்தியகல்யாணி. இரண்டையும் போட்டுவிட்டேன். என் வீட்டு வாசலிலேயே பூத்துக் கிடக்கிறது, ஆளனுப்பித் தேட வேண்டியதில்லை.

சிக்கல் எம்.ஆர்.டி.யில்தான். விரித்தால் மினிமல் ரெசிடுவல் டிசீஸ். பிள்ளைகளுக்கு அதிகம் வரும் புற்றுநோய் ஏ.எல்.எல். எனும் இரத்தப் புற்றுநோய். முதல் நான்கைந்து கிழமை மருந்து ஏறியதும் பெரும்பாலான பிள்ளைகளின் என்பு மச்சை நுணுக்குக்காட்டியில் நல்லபடி தெரியும். நோய்க் கலங்கள் நூற்றுக்கு ஐந்துக்குக் குறைவு என்றால் தணிந்துவிட்டது என்று எழுதுவார்கள். ஆனால் அதற்குக் கீழே ஒளிந்திருப்பதை நுணுக்குக்காட்டி நம்பகமாகச் சொல்லாது. அதைத் தேடும் சோதனைதான் இது. ஃபுளோ சைட்டோமெட்ரி என்ற முறை பத்தாயிரம் கலங்களில் ஒன்றைக் கண்டுபிடிக்கும். மரபணு வரிசையைப் படிக்கும் புதிய முறைகள் பத்து இலட்சத்தில் ஒன்றையும் பிடிக்கும். இந்தப் பிள்ளைக்கு மருந்தைக் கூட்ட வேண்டுமா, இருக்கிறபடி போகலாமா என்பதை முடிவு செய்வதில் இன்று இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஏற்கெனவே ஓரிடத்தில் கண்ட மொழிபெயர்ப்பு "குறைந்தபட்ச எஞ்சிய நோய்". குறைந்தபட்சம் என்றால் நம் வாயில் "இவ்வளவாவது" என்றுதானே பொருள்? குறைந்தபட்சச் சம்பளம் என்பதுபோல. "இவ்வளவாவது நோய் எஞ்ச வேண்டும்" என்று வாசித்துவிட்டால் என்ன செய்வது? அது போக, "குறைந்த" என்பதே முழு உண்மையும் இல்லை. நோய் கண்டுபிடிக்கப்படும் வேளையில் உடம்பில் ஓர் இலட்சம் கோடி நோய்க் கலங்கள் வரை இருக்கலாம் என்பது மருத்துவப் பாடக் கணக்கு. அதில் பத்தாயிரத்தில் ஒன்று மிஞ்சினாலும் பத்துக் கோடி. ஆங்கிலத்திலும் இப்போது "மினிமல்" என்பதை விட்டு "மெஷரபிள்", அதாவது அளக்கக்கூடிய, என்று மாற்றிக்கொண்டு வருகிறார்கள்.

என் கையிலிருப்பவை: நுண்ணெஞ்சு நோய், மிச்சநோய், கரந்துறை நோய். மூன்றும் எனக்கே பிடிக்கவில்லை. யாராவது கைகொடுங்கள்.

*

கோவையிலிருந்து:

ஐயா, வணக்கம்.

"நோயெச்சம்" என்று வையுங்கள். சொல்லும் சின்னது, வேரும் பழையது. பாதியில் விட்ட வினையும், அழிக்காமல் விட்ட பகையும் அணைக்காமல் விட்ட தீயின் மிச்சத்தைப் போலக் கெடுக்கும் என்று சொல்லுமிடத்தில் குறள் "தீயெச்சம்" என்ற சொல்லை ஆள்கிறது. உங்கள் எம்.ஆர்.டி.க்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்குமா? நீறு பூத்த நெருப்பு அல்லவா அது!

இன்னொன்று. நீங்கள் "கலம்" என்கிறீர்கள், இங்கே "செல்" அல்லது "உயிரணு" என்போம். என்பு மச்சையும் இங்கே எலும்பு மஜ்ஜைதான். கையேடு இருகரைக்கும் பயன்பட வேண்டும் என்றால் இதையும் யோசியுங்கள்.

*

கிண்ணியாவிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும். சேருக்கும் மற்ற எல்லோருக்கும்.

நான் தாதி. பிள்ளைகள் வார்டில் பல வருடம் வேலை செய்தவள். இலக்கணம் தெரியாது, வார்டில் நடப்பதைச் சொல்கிறேன்.

எச்சம் வேண்டாம். எங்கள் பக்கத்து உம்மாமாருக்கு எச்சம் என்றால் காக்கா எச்சம்தான் ஞாபகம் வரும். பிள்ளைக்குள் அது இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வராது. தீ, நெருப்பு, தணல் எதுவும் வேண்டாம். "மகரகம" என்று துண்டு எழுதிக் கொடுத்தாலே பாதி உயிர் போய்விடுகிறது. அந்த ஊர்ப் பெயரே இங்கே வருத்தத்தின் பெயராகிவிட்டது. இத்தனைக்கும் அங்கே இருக்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பெயர் அபேக்ஷா, சிங்களத்தில் எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்று அர்த்தம்.

ஆனால் சேர், உங்களுக்கு உண்மையான தலைவலி இந்தச் சொல் இல்லை, பக்கத்தில் வரும் "நெகட்டிவ்" தான். முன்பு நான் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு தகப்பனிடம் "மிச்சம் ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய், இராவில் கொடுக்கிற மெர்காப்டோபியூரின் குளிசையை நிறுத்திவிட்டார். இல்லாத நோய்க்கு ஏன் மருந்து என்று கேட்டார். அவரில் பிழை இல்லை. இந்த வருத்தத்துக்கு இரண்டு வருடத்துக்கு மேல் மருந்து கொடுக்க வேண்டும் என்பதை அவருக்கு விளங்கச் சொன்ன ஆள் இல்லை.

அவர் கடலுக்குப் போகிறவர். நான் பிறகு இப்படிக் கேட்டேன்: "வலையில மீன் படல்ல எண்டா கடல்ல மீன் இல்லையெண்டா அர்த்தம்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கண் பெரிய வலையெண்டா சின்ன மீன் போயிரும் மிஸ்" என்றார். அன்று இரவே குளிசை திரும்பத் தொடங்கியது.

*

உவர்மலையிலிருந்து மறுபடி:

தங்கச்சி, மூன்று கிழமையாக நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததை அந்த மனிதர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நான் தப்பான முனையில் தொடங்கியிருக்கிறேன். ஒரு பெயர் மட்டும் தேடினேன். தாளில் அந்தப் பெயர் தனியாக வராது, பக்கத்தில் ஒரு வினையோடுதான் வரும். நெகட்டிவ் என்பதற்கு "இல்லை" என்று போட்டால் எந்தப் பெயரும் பொய்யாகிவிடும். கடலோர ஊர்களில் மீன் "படும்", அன்றைய அறுவடை "மீன்பாடு". நல்ல தமிழில் அதே "படு"வோடு ஒரு சொல் தயாராக இருக்கிறது: தென்படுதல். எனவே "தென்படவில்லை". தேடினோம், இந்த வலைக்கண்ணுக்கு அகப்படவில்லை என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

இது வெறும் சொல்லழகு இல்லை. 2024 டிசம்பரில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பிள்ளைகளிடம் நடந்தது. சாதாரண அபாயப் பிரிவில் இருந்தவர்களில் ஒரு பாதிக்கு வழமையான கீமோவோடு பிளினாட்டுமோமாப் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு கையால் நோயாளியின் ரி கலத்தையும் (நோயை எதிர்க்கும் வெள்ளைக் கலம்) மறுகையால் நோய்க் கலத்தையும் பிடித்து இரண்டையும் முட்டவிடும் பிறபொருளெதிரி (ஆன்டிபாடி) அது. 3 ஆண்டுக் கணக்கில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 96 வீதம், கீமோ மட்டும் பெற்றவர்களில் 87.9 வீதம். இடைக்காலக் கணக்கிலேயே வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் பிள்ளைகளைக் குலுக்கிப் பிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். நமக்கு வேண்டிய விஷயம் இது: அந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு ஃபுளோ சோதனையில் எதுவும் தென்பட்டிருக்கவில்லை. கண் சின்ன வலையான மரபணுச் சோதனையின் விடையையும் பார்த்துத்தான் ஆய்வுக்கு எடுத்தார்கள். "இல்லை" என்று எழுதியிருந்தால் அவர்களுக்கு எதற்கு மருந்து?

பெயருக்கு வருவோம். கோவை நண்பரே, தீயெச்சம் எனக்கும் இனித்தது. ஆனால் வார்டில் நிற்பவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நோய் என்ற சொல்லையே எடுத்துவிடுகிறேன். சோதனை எண்ணுவது கலத்தைத்தானே. "எஞ்சுகலம்". இங்கே பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் கலம் தெரியும். உங்கள் கரையில் "எஞ்சுசெல்" என்று மாற்றிக்கொள்ளுங்கள், பாதகமில்லை. துறைமுக ஊரில் இருந்துகொண்டு எஞ்சுகலம் என்றால் உட்துறைமுகத்தில் கைவிட்டுப் போன தோணிதானே என்று என் மனைவி சிரித்தாள். சிரிக்கட்டும்.

"அளக்கக்கூடிய" என்பதையும் பெயரில் திணிக்கவில்லை, எல்லையைத் தனியாக எழுதினால் போதும். பூச்சியம் தசம் பூச்சியம் ஒன்று வீதம் என்பதும் வேண்டாம். கையேட்டில் இப்படி வரும்:

எஞ்சுகலம்: தென்படவில்லை. தேடிய எல்லை: 10,000 இல் 1. மருந்து தொடரும்.

தென்பட்டால், "எஞ்சுகலம்: 10,000 இல் 12" என்பதுபோல முழு எண்ணில். வாயால் சொல்லும்போது தாதிமார் "மிச்சக்கலம்" என்றே சொல்லட்டும், அது இன்னும் இலகு.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் இன்னொன்று இருக்கிறது: நோய் திரும்பி வருவதை "மீள்தல்" என்று எழுதி வைத்திருக்கிறேன். நேற்றுத்தான் உறைத்தது. நோய் மீண்டது என்றால் கெட்ட செய்தி, நோயிலிருந்து மீண்டான் என்றால் நல்ல செய்தி. தங்கச்சி, வார்டில் இதற்கு என்ன சொல்வீர்கள்?