இரண்டு தரவுத்தளம், ஒரே தேடல்: எப்படிச் செய்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. பதின்வயதினரின் தூக்கமும் நினைவாற்றலும் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் திரட்டிக்கொண்டிருக்கிறேன். பல்கலைக்கழக நூலகக் கணக்கு வழியாகப் பப்மெட் (மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளம்), சைக்இன்ஃபோ (உளவியல் கட்டுரைகளின் தரவுத்தளம்) இரண்டிலும் தேட முடிகிறது. சிக்கல் அங்கேதான்.

பப்மெட்டில் கட்டுரைகளுக்கு ஒட்டப்படும் 'மெஷ்' என்ற பொருள்தலைப்புகள் உண்டு. அதில் 'அடோலசன்ட்' (பதின்வயதினர்) என்றால் 13 முதல் 18 வயது. சைக்இன்ஃபோவுக்குத் தனிச் சொற்களஞ்சியம். வயதுப் பிரிவோ 13 முதல் 17. ஆக, ஒன்றில் சரியாக வேலை செய்யும் தேடலை இன்னொன்றில் அப்படியே ஒட்டினால் ஒன்று ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது, இல்லையென்றால் வறண்டு போகிறது. பப்மெட்டில் எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் தலைப்பு இருக்காது என்பதால், தலைப்பு, சுருக்கம் இரண்டிலும் சாதாரணச் சொற்களைப் போட்டு, 'ஆர்' (OR, அதாவது 'அல்லது') கொடுத்து மெஷ்ஷோடு இணைக்கிறேன். சொல்லின் எல்லா வடிவங்களும் கிடைக்க, வேரோடு நட்சத்திரக் குறியும் (*) போடுகிறேன். இதையே சைக்இன்ஃபோவுக்கு மாற்றி எழுத நீங்கள் என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? வயது வடிகட்டியைப் பயன்படுத்தலாமா, இல்லை அது நல்ல கட்டுரைகளையும் தள்ளிவிடுமா? எனக்கென்னவோ அதன்மேல் நம்பிக்கை இல்லை.

அப்புறம், வீட்டிலிருந்து நுழையும்போது சில கட்டுரைகள் பதிப்பகத்தின் பணம் கேட்கும் பக்கத்தில் போய் நிற்கின்றன. நூலகம் சந்தா கட்டும் இதழ்தான் அது! டிஓஐ எண்ணை (கட்டுரையின் தனி அடையாள எண்) நூலகத் தேடலில் போட்டால் சிலது திறக்கிறது, எல்லாம் இல்லை. நூலகங்களுக்கிடையே இரவல் கேட்பதற்கு முன் வேறு என்ன செய்து பார்க்கலாம்? தேடல் வரியை அப்படியே பகிர முடிந்தால் இன்னும் நல்லது.