கருப்புச் சேலையின் புட்டா டிவியில் மறைகிறது: உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். சிறுமுகை மென்பட்டுச் சேலைகளைக் காணொளியாக எடுத்து, கடையிலுள்ள டிவியில் காட்டி வருகிறேன். பென்டிரைவில் சரியாகத் தெரியும் அதே கோப்பு, லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ வழியாகச் சென்றபோது, சேலையின் கருப்பு உடல் பகுதி சாம்பல் பூத்ததுபோல வெளிறித் தெரிந்தது.

எட்டு பிட் காணொளியில் கருப்பு 16 என்றும் வெள்ளை 235 என்றும் பதிவாகிறது. கணினித் திரைக்கோ 0 முதல் 255 வரை. லேப்டாப் குறுகிய வீச்சில் (16 முதல் 235) அனுப்பியதை டிவி முழு வீச்சாக (0 முதல் 255) எடுத்துக்கொண்டது என ஊகித்து, கிராபிக்ஸ் அமைப்பில் முழு வீச்சுக்கு மாற்றினேன். வெளிறல் போய்விட்டது. ஆனால், கருப்பின் மேல் கருநீல இழையில் நெய்த சிறு புட்டாக்கள் இப்போது இருட்டில் கரைந்துவிடுகின்றன. நெசவாளர் கைவேலையே அதுதான் என்பதால் மனம் ஒப்பவில்லை.

புகைப்படங்களில் இக்குறை இல்லை. காணொளியில் மட்டுமே வருகிறது. எனவே பிளேயரும் கிராபிக்ஸ் மென்பொருளும் குறுகிய வீச்சை முழு வீச்சாக அடுத்தடுத்து இருமுறை விரிக்கின்றனவோ எனச் சந்தேகிக்கிறேன். இவற்றில் எதன் அமைப்பை மாற்ற வேண்டும், கருப்பின் அளவைக் கண்ணால் சரிபார்க்க எந்தச் சோதனைப் படத்தைப் பயன்படுத்தலாம் என்பதை, அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.